பாட்டி சம்பாதித்த காசு: உங்கள் வீட்டுக் கதை என்ன?

முக்கூடல்காரன்:

பாட்டியைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முறுக்கு, அதிரசம், நிலாச்சோறு, ராஜா ராணிக் கதை என்றுதான் போகும். எங்கள் ஆச்சிக்குக் கதை சொல்ல நேரம் கிடையாது. முறுக்கும் பிழிய வராது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அத்தை வந்து பிழிந்து கொடுத்துவிட்டுப் போவாள். ஆச்சி பீடி சுத்தினாள். மடியில் சொளவு என்கிற முறம், சொளவில் இலையும் தூளும், பக்கத்தில் நூல்கண்டு. முழுப்பரீட்சை லீவுக்குப் போய் இறங்கும்போதும் அப்படித்தான் இருப்பாள், லீவு முடிந்து பஸ் ஏறும்போதும் அப்படித்தான்.

முதல் நாள் சாயங்காலமே இலையை நனைத்து உதறி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துவிடுவாள். காலையில் எங்களை எழுப்புவது கத்தரிச் சத்தம். தகட்டை இலைமேல் வைத்து ஓரம் ஓரமாக வெட்டுவாள். சத்தத்தில் ஒரு தாளம் இருக்கும். கை வலித்தால் தாளம் பிசகும், அடுக்களையில் இருக்கும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி என்பது கணக்கு. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, அப்படி நாற்பது கட்டு. பிள்ளைகள் எங்களுக்கு பீடி வாயை மடக்குகிற வேலை. அதில் எனக்கும் மதினிக்கும் போட்டி வேறு.

தெருவில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் இதே வேலையில் இருப்பார்கள். ரேடியோ ஒரு வீட்டில்தான், ஆனால் தெரு முழுக்கக் கேட்கும். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை. அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா வேகமாகப் பேசினால் ஆச்சி கையும் வேகமாகப் போகும் என்று சித்தி கேலி பண்ணுவாள்.

சாயங்காலம் பீடிக்கடைக்கு நானும் கூடப் போவேன். செக்கர் கட்டைப் பிரித்து, விரலால் அமுக்கிப் பார்த்து, பிடிக்காததைக் கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது, ஆனால் பீடி திரும்பி வராது. கொடுக்கிற இலையில் ஆயிரம் தேறாது, குறைகிற இலையை வெளியே காசுக்கு வாங்கி ஈடுகட்ட வேண்டும். எனக்குக் கோபமாக வரும். ஆச்சி கடையில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். தெருமுனை திரும்பியதும் செக்கரின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துப் பேசுவாள்.

சனிக்கிழமை கூலி. முதலில் பலசரக்குக் கடைப் பாக்கி, அடுத்து சீட்டு, அதற்கப்புறம்தான் ஓமப்பொடி கால் கிலோ. மிச்சம் இடுப்புச் சுருக்குப்பைக்குள், வெற்றிலை, பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பாவோடு. அன்றைக்கு எங்களுக்கு ஆளுக்கு நாலணா. 1957-லேயே புதுப்பைசா வந்துவிட்டது. எண்பதுகளிலும் ஆச்சிக்கு 25 பைசா நாலணா, 50 பைசா எட்டணா. தாத்தா வந்து நின்றால், “ஒங்களுக்கு எதுக்கு இப்பம்?” என்று கேட்டுவிட்டுத்தான் பையின் கயிறே இளகும். வீட்டில் வேறு யாரும் அவரிடம் அப்படிக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

அதனால் கேட்கிறேன். உங்கள் பாட்டி என்ன வேலை செய்து காசு பார்த்தாள்? அந்தக் காசு எங்கே போனது? முறுக்குக் கதை வேண்டாம். முறுக்கு விற்ற கதை என்றால் சரி.


கோவில்பட்டி மருமகள்:

எங்கள் பக்கம் பீடிக்குப் பதில் தீப்பெட்டி. என் பாட்டி பெட்டி ஒட்டினாள். 144 பெட்டி ஒரு குரோஸ், கூலியும் குரோஸ் கணக்குத்தான். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவாள். பூச்சி அரிக்காது, பிள்ளைகளும் வழித்து வாயில் வைக்காது.

கண்ணை மூடிக்கொண்டே ஒட்டுவாள் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மை என்னவென்றால் கடைசியில் பாட்டிக்குக் கண்புரை, ஒன்றும் தெரியவில்லை, விரல்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் நடத்திய இலவச முகாமுக்கு வம்பாக இழுத்துப் போய் ஆபரேஷன் செய்து கூட்டி வந்தோம். கட்டுப் பிரித்து வந்தவள் முதலில் ஒரு தீப்பெட்டியை எடுத்து லேபிளை உற்றுப் பார்த்தாள். “இது புலியா? நான் பூனைன்னுல்ல நெனச்சு ஒட்டிக்கிட்டு இருந்தேன்!”


உடன்குடிப் பேத்தி:

விடிலி என்றால் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. பதனி காய்ச்சுகிற ஓலைக் குடிசை. எங்கள் ஊர்ப் பக்கம் செம்மண் தேரியில், பனைகளுக்கு நடுவில் இருக்கும். தாத்தா பனையேறி. இறக்கிக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. பதனியைக் கருப்பட்டி ஆக்குவது முழுக்க ஆச்சி.

பங்குனியிலிருந்து ஆடி வரை இதே பிழைப்பு. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதனி கள்ளாகிவிடும். தடவியது கூடிப்போனால் கருப்பட்டி ருசி கெடும். ஆச்சி ஒரு சொட்டு நாக்கில் வைத்தே சொல்லிவிடுவாள். “இன்னைக்குச் சுண்ணாம்பு கூடிப்போச்சு” என்று அவள் அதட்டுவதும், அத்தனை உயரம் ஏறி இறங்கிய மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதும் தினப்படி காட்சி. மே மாத வெயில், தாழ்ந்த ஓலைக் கூரை, பனை மட்டையும் உடைமுள்ளும் எரிகிற அடுப்பு. அதற்குள் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். பொங்கி வழியப்போகிற நேரம் பார்த்து இடித்த ஆமணக்கு முத்து கொஞ்சம் தூவுவாள், நுரை அப்படியே படுத்துவிடும். எங்களுக்கு அது மந்திரம்.

பாதி காய்ந்து நிறம் மாறுகிற பதத்துக்குக் கூப்பனி என்று பெயர். ஆளுக்கு ஒரு சிரட்டை கிடைக்கும். சூடு ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொண்டவர்கள்தான் நாங்கள் எல்லாரும். அதன்பிறகு இன்னும் இறுக்கி, துடுப்பால் கிண்டி, வரிசையாக அடுக்கிய சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி.

இப்போது காசுக் கதை. காய்ச்சுகிற காலத்தில் எல்லார் வீட்டிலும் கருப்பட்டி இருக்கும், வியாபாரி சொன்னதுதான் விலை. முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தில் ஒரு பங்கை ஆச்சி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவாள். புகை படுகிற இடத்தில் இருந்தால் அடைமழையிலும் இளகாது. ஐப்பசி, கார்த்திகையில் விலை ஏறியபிறகு பரணிலிருந்து இறக்குவாள், அதுவும் ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. எம்.பி.ஏ. படித்த என் தம்பி இதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் சொன்னான். என் அம்மா பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் படித்தது அந்தப் பரண் காசில்தான்.


முக்கூடல்காரன்:

கூப்பனியை ஞாபகப்படுத்திவிட்டீர்களே. திசையன்விளையில் அத்தை வீட்டில் குடித்தது. இப்போது கடையில் கருப்பட்டி என்று வாங்குவதில் பாதி சீனி. ஆச்சிமார் இருந்தால் நாக்கில் வைத்ததுமே எறிந்திருப்பார்கள்.


பெருந்துறைக்காரி:

எங்க அம்மிச்சிக்கு எருமைங்க. மஞ்சள், கரும்பு வித்த காசெல்லாம் அப்புச்சி கணக்கு, பால் காசு அம்மிச்சி கணக்கு. யாரும் எழுதி வெச்சதில்லை, ஆனா ஒரு நாளும் மாறினதில்லை.

கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி கட்டுத்தறிக்குப் போயிரும். கறந்த பாலை சொசைட்டிக்கு அதே தூக்கிட்டுப் போகோணும், வேற யாரையும் விடாது. அங்க டிகிரி பார்த்து, கொழுப்பு பார்த்து விலை போடுவாங்க. எருமைப் பால்ங்கறதால அம்மிச்சி அட்டையில எப்பவும் கூடத்தான் விழும். சீமை மாட்டுப் பால் கொண்டாந்து நிக்கறவங்களை அப்போ ஒரு பார்வை பார்க்கும் பாருங்க, அதுக்காகவே நான் காலங்காத்தால எந்திரிச்சு கூடப் போவேன்.

ஊத்தினது போக மிச்சத்தைத் தோய்ச்சு வெண்ணெய் எடுக்கும். நெய் உருக்கற நாள்தான் எங்களுக்குத் திருவிழா. இறக்கப்போற நேரத்துல ஒரு கொத்து முருங்கைக்கீரை உருவிப் போடும். சடசடன்னு பொரிஞ்சு மொறுமொறுன்னு மேல வரும். அதுக்கு அடிதடி. சட்டிக்கு அடியில நிக்கற கசண்டுல சுடுசோத்தைப் போட்டுப் பிசைஞ்சு ஆளுக்கு ஒரு உருண்டை. சண்டைக்காரங்களுக்குக் கடைசியா.

பால் காசுல அம்மிச்சி செஞ்ச வேலை ஒண்ணு உண்டு. பேரன் பேத்தி யாரு பொறந்தாலும் ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கி அவங்க பேர்ல விட்டுரும். “இது உன்ற ஆடு கண்ணு, அது போடற பொட்டைக்குட்டி உன்றது, கடா வித்த காசும் உன்றது.” லீவுக்குப் போனா செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி அவங்கவங்க ஆட்டைப் பார்க்கோணும். காசு தபால் ஆபீஸ்ல அவங்கவங்க பேர்ல சேரும். என்ற பன்னெண்டாம் வகுப்பு டியூஷன் பீஸ் ரெண்டு கடாய்ங்க.


ராயபுரம்:

எங்க ஆயா வாசல்ல இட்லி போட்டுச்சு. காலைல அஞ்சு மணிக்கு முதல் ஈடு இறங்கிடும். ஹார்பருக்கு ஷிப்டு போறவங்க, காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போற அம்மாங்க, ரிக்‌ஷாக்காரங்க. ஞாயித்துக்கெழம வடகறி. அந்த வாசனைக்குத்தான் பாதி தெரு எந்திரிக்கும்.

கையில காசில்லன்னா கணக்கு. நோட்டெல்லாம் கிடையாது, ஆயாவுக்கு எழுதத் தெரியாது. சுவத்துல கரித்துண்டால கோடு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு இடம், அடையாளத்துக்கு ஒரு படம். மீன்காரம்மாவுக்கு மீன், ரிக்‌ஷாக்காரருக்குச் சக்கரம், மிலிட்டரில இருந்து வந்தவருக்கு ஒரு மீசை. எனக்குப் படம் போடத் தெரியும்னு தெரிஞ்சதும் அந்த வேலை எங்கிட்ட வந்துடுச்சு. நான் ஓவியம் படிக்கப் போனதுக்கு முதல் காரணம் அந்த மீசைதான்னு சொன்னா யாரும் நம்பறதில்ல.

போகிக்கு முன்னாடி சுவத்துக்கு வெள்ளையடிப்பாங்க. கோடெல்லாம் போயிடும். அதுக்குள்ள கொடுத்தவன் கொடுத்தான், கொடுக்காதவன்கிட்ட ஆயா கேக்காது. பெரிய மனசுன்னு நெனச்சுடாதீங்க. யாரு எத்தினி இட்லி பாக்கின்னு சாவற வரைக்கும் மனப்பாடமா வெச்சிருந்துச்சு. அந்த ஆளு நல்ல சட்டை போட்டுக்கினு தெருவுல போனா, “போறாரு பாரு, எழுவத்தெட்டு இட்லி” அப்படின்னும்.


வலிகாமம்:

நான் எழுதுறது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட அம்மம்மா யாழ்ப்பாணத்தில, சுன்னாகத்துக்குக் கிட்ட. அவவிட்டைச் சுருக்குப்பை இல்லை, கொட்டைப்பெட்டி. பனையோலையில தானே இழைச்சது, உள்ளங்கையளவு. வெத்திலை, பாக்கு, காசு எல்லாம் அதுக்குள்ள, பெட்டி அவவின்ர இடுப்பில. பெட்டி இழைக்கிறதுதான் அம்மம்மாவின்ர தொழிலும். சார்வோலையைக் காயவைச்சு, வார்ந்து, சாயம் போட்டு கடகம், சுளகு, புட்டவிக்கிற நீத்துப்பெட்டி எண்டு இழைப்பா. சந்தை நாளில ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கட்டித் தலையில வைச்சுக் கொண்டு போவா.

நான் சின்னனாய் இருக்கேக்க அந்தத் தொழில் படுத்துப்போச்சுது. பிளாஸ்டிக் கூடை வந்திட்டுது, கடகம் ஆர் வாங்குறது? பிறகு 1990-ல சண்டை திரும்பத் துவங்கிச்சுது. கரண்ட் போச்சுது. மண்ணெண்ணெய், சவுக்காரம், பற்றரி எல்லாத்துக்கும் தடை. ஜாம் போத்திலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, ஒரு துளி எண்ணெய், அதுதான் நாங்கள் படிச்ச விளக்கு. உடுப்புத் தோய்க்கப் பனம்பழம். பிளாஸ்டிக்கும் வராமல் போக, அம்மம்மாவின்ர கடகத்துக்கு திரும்ப ஆக்கள் வீட்டை தேடி வந்தினம். “என்ர காலம் திரும்பி வந்திருக்கு மோனை, ஆனா இப்பிடி வந்திருக்கத் தேவையில்லை” எண்டு சொல்லுவா.

இரவில மாமா சைக்கிளைத் தலைகீழாய்க் கவிட்டு, டைனமோவில றேடியோவைப் பூட்டி பி.பி.சி. தமிழோசை கேப்பார். பெடலைக் கையால சுத்துறது பெடியங்கள் நாங்கள். ஓய்ஞ்சால் செய்தி நிண்டிடும், பக்கத்து வீட்டுக் கிழவர் முதல் எல்லாரும் கத்துவினம். செய்தி முடியுமட்டும் சுத்தினவருக்கு அம்மம்மா புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் தருவா. நான் உலகச் செய்தியில ஆர்வம் உள்ள பிள்ளை எண்டு ஊரில பேர் எடுத்தது அப்பிடித்தான்.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை கிட்ட வர, எங்கட வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க வெளிக்கிட்டது. மழை. செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் சனத்தாலை நிரம்பி, நிண்ட இடத்தில நிண்டு நிண்டு போனம். எல்லாரும் கையில கிடைச்சதைத் தூக்கினம். அப்பா ஏனோ சுவர் மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மம்மா கொட்டைப்பெட்டிக்குள்ள காணி உறுதிப் பத்திரத்தை நாலாய் எட்டாய் மடிச்சு வைச்சு, ஓலை வாருற சத்தகத்தையும் சீலைத் தலைப்பில முடிஞ்சு கொண்டு வந்தா. சாவகச்சேரியில ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தம். ஒரு வகுப்புக்குள்ள எத்தினையோ குடும்பம். எல்லாரும் அழுது கொண்டிருக்க அம்மம்மா வெளியில போய்ப் பார்த்திட்டு வந்து சொன்னா: “இஞ்சையும் பனை நிக்குது.” அடுத்த கிழமை மூலையில இருந்து இழைக்கத் துவங்கிட்டா. சுத்தியிருந்த பெண்டுகளும் பழகிச்சினம். தங்கச்சிக்குப் பால்மா வாங்கினது அந்தக் காசில.

1996-ல நாங்கள் திரும்பிப் போகேக்க வீட்டில கூரை இல்லை. உறுதி பத்திரமாய் இருந்தது. மணிக்கூடு ஓடேல்லை.


முக்கூடல்காரன்:

நாங்கள் இங்கே இலங்கை வானொலிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம், அந்த இலங்கையில் நீங்கள் சைக்கிளைச் சுற்றி லண்டனைக் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சத்தகம் இப்போது யாரிடம் இருக்கிறது?


வலிகாமம்:

என்னட்டைத்தான், ரொறன்ரோவில. ஓலை இல்லை. பெட்டி கட்டி வாற பார்சல் நாடா வெட்டப் பாவிக்கிறன். நல்ல கூர்.


பேராக்:

மலேசியாவிலிருந்து. எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பாலெடுக்க மரத்தைக் கீறியவர். விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, அதில் பேர் கொடுத்துவிட்டு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் காட்டுக்குள் போவார். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. மழை என்றால் பிள்ளைகளுக்குக் குஷி, பாட்டி மட்டும் லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்.

வயதானபிறகு ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் வேலை. தோட்டத்தில் தாய்மார் எல்லாரும் மரம் வெட்டப் போய்விட, கைக்குழந்தைகள் வரிசையாகத் தூளியில். நானும் அதில் ஒருவன். சொந்தப் பேரன் என்று ஒரு சொட்டுப் பால் கூடுதலாகக் கொடுக்கமாட்டார் என்று அம்மா இன்றும் குறைப்படுகிறார்.

பாட்டியின் காசு போன இடம் எங்களுக்குப் பெருமை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். வாங்கியவன் லயத்தைக் காலி செய்யச் சொன்னால் தொழிலாளி எங்கே போவான்? துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். ஒரு பங்கு நூறு வெள்ளி (எங்கள் ஊர்ப் பணம்), மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தொழிலாளிகளின் காசிலேயே தோட்டத்தை வாங்குவது. அந்தக் கூலிக்குப் பத்து வெள்ளி பெரிய பணம். தாத்தா, “நாம மரம் வெட்டுற ஆளுங்க, நமக்கு எதுக்குத் தோட்டம்?” என்றாராம். பாட்டி பதில் சொல்லவில்லை. அந்த மாதத்திலிருந்து தாத்தாவின் கள்ளுக்கடைக் காசில் பத்து வெள்ளி குறைந்தது.

பங்குப் பத்திரத்துக்குச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டும்போது அதற்கும் சேர்த்துத்தான். லாப ஈவு வந்தால் எங்களுக்கு ஒரு பெரிய மைலோ டின். பிற்காலத்தில் தாத்தா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், தோட்டம் வாங்கியது தன் யோசனை என்று. பாட்டி அதற்கும் பதில் சொல்லவில்லை.


செல்லூர்ப் பேத்தி:

எங்க அப்பத்தா மதுரையில் பூ கட்டும். “கட்டும்” என்றே எழுதுகிறேன், தொண்ணூறை நெருங்குகிறது, இன்னும் கட்டுகிறது. விடியக்காலையில் பூ மார்க்கெட்டில் மொட்டாக வாங்கி வந்து, நாரை நனைத்து வைத்துக்கொண்டு உட்காரும். மல்லிகை விலை ஒரு நாளுக்கு ஒன்றாக இருக்கும். முகூர்த்தம் என்றாலும், தை மாதப் பனியில் வரத்துக் குறைந்தாலும் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். முழத்தின் விலையை அப்படி ஏற்ற முடியாது, வாடிக்கை கோபித்துக்கொள்ளும். அதனால் அன்றைக்குப் பூவுக்கும் பூவுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் கூடும். தொழில் ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டேன்.

இன்னொரு ரகசியம், அப்பத்தா குட்டை, கையும் குட்டை. முழம் போட்டால் வாங்குபவருக்கு நஷ்டம். விவரமான அக்காமார், “பாட்டி, நீங்க இருங்க, ஒங்க பேத்தி அளக்கட்டும்” என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஐந்தரை அடி. அப்பத்தா என்னைக் கடைப் பக்கமே வரவிடாமல் பள்ளிக்கூடத்துக்கு விரட்டிப் படிக்க வைத்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் சந்தேகம்.

2016 நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று டிவியில் வந்தது. அப்பத்தா வாயே திறக்கவில்லை, எழுந்து போய்ப் படுத்துவிட்டது. மறுநாள் இருட்டோடு என்னை மட்டும் எழுப்பியது. அரிசிப் பானை, தலையணை உறை, மாரியாத்தா படத்துக்குப் பின்பக்கம், பழைய இட்லிக் கொப்பரை என்று ஒவ்வொரு இடமாக எடுத்து என் மடியில் போட்டது. எங்கப்பாவுக்கும் சித்தப்பாக்களுக்கும் மூச்சு விடக்கூடாது என்று சாமி படத்தின் மேல் சத்தியம். அது என்ன காசு தெரியுமா? அப்பத்தாவின் கருமாதிச் செலவு. “நான் செத்தா யாரு பந்தலுக்குக் குடுக்கிறது, யாரு சோத்துக்குக் குடுக்கிறதுன்னு ஒங்கப்பனும் சித்தப்பனும் பொணத்த வச்சுக்கிட்டு அடிச்சுக்குவாய்ங்க.”

ஒருமுறைக்கு நாலாயிரம்தான் மாற்றித் தருவார்கள் என்றார்கள். ஆதார் நகலும் கையுமாக அப்பத்தாவோடு வரிசையில் நின்றேன். அடுத்த வாரம் போனபோது, ஒரே ஆள் திரும்பத் திரும்ப வரக்கூடாதென்று விரலில் மை வைத்தார்கள். “ஓட்டுப் போடாமலே மை வைக்கிறான், இதுக்கு என்ன குடுப்பான்?” என்று அப்பத்தா கேட்டதில் வரிசை முழுக்கச் சிரிப்பு. மிச்சத்தைக் கணக்கில் போட்டோம். கையில் வந்த ரோஸ் கலர் இரண்டாயிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நாலு முழம் பூ வாங்குறவ இத நீட்டுனா சில்லறைக்கு நான் எங்க போவேன்? இது ரொம்ப நாளு ஓடாது” என்றது. 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அதையும் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தபோது தெருவில் யாரையும் விடவில்லை, “நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்று ஒரு வாரம் பேசியது.

கருமாதிக் காசு இப்போது போஸ்ட் ஆபீஸில் இருக்கிறது. நாமினி நான். சித்தப்பாக்களுக்கு இன்னும் தெரியாது. அவர்கள் யாரும் இதைப் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.


கோவில்பட்டி மருமகள்:

செல்லூர், பூவுக்கும் பூவுக்கும் இடைவெளி விஷயத்தை நான் ரொம்ப நாளாகவே சந்தேகப்பட்டேன். பெருந்துறை, நீங்கள் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். உங்கள் பேரில் விட்ட ஆடு கடைசியில் என்ன ஆனது?


பெருந்துறைக்காரி:

அதை ஏனுங்க கேக்கறீங்க. நான் கல்யாணமாகிப் போனப்ப ஆறு உருப்படி என்ற பேர்ல இருந்துது. அம்மிச்சி போனதுக்கப்புறம் மாமாதான் எல்லாத்தையும் மேய்க்கறாரு. இப்ப பட்டி பெருசாயிருச்சு, எது யாரு ஆட்டோட வாரிசுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். போன பொங்கலுக்குப் போனப்ப, “மாமா, என்ற கணக்குல எத்தனைங்க இருக்குது?”ன்னு சும்மா கேட்டு வெச்சேன். “இத்தன வருசம் மேய்ச்ச கூலியை மொதல்ல எடுத்து வை, அப்புறம் எண்ணலாம்”னுட்டாரு. பேச்சுவார்த்தை நடந்துட்டு இருக்குதுங்க.